பெயர்ப் பலகை இல்லாத மரக்கடையில் வாங்கிய வைரம்

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கதை. கும்பகோணத்துக்கு வெளியே, இடித்த வீடுகளின் மரச்சாமான் விற்கிற ஒரு கடையில் ஊஞ்சல் பலகை வாங்கினேன். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அங்குலம் கனம். ஒட்டே இல்லாத ஒற்றைப் பலகை, பழைய பர்மா தேக்கு. விலை 11,000 ரூபாய், இழைப்புக் கூலி 1,200 தனி. ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒரு நட்சத்திரம் எங்கே போனது என்றால், என் புடவையோடு போனது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கடைக்குப் பெயர் கிடையாது. பலகை வைக்கவில்லையா என்று கேட்டதற்கு, "நான் விக்கிறதே பலகைதானேம்மா, அதுல ஒண்ணை வீணாக்கி பேரு எழுதணுமா" என்றார் கடைக்காரப் பெரியவர். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தகரக் கொட்டகை, முன்னால் சாய்த்து வைத்த நிலைகள், தூண்கள், உத்தரங்கள், யார் வீட்டிலோ எத்தனையோ கல்யாணம் பார்த்த கதவுகள். உள்ளே போனால் பழைய தேக்கு எண்ணெய் வாசனை, கொஞ்சம் வௌவால் வாசனை.

நான் ஏன் அங்கே போனேன் என்பதற்கு ஒரு கசப்பான காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் மன்னார்குடி வீட்டைப் புதுப்பித்தபோது வாசல் கதவை ரெடிமேடாக வாங்கினோம். எந்த ஊர், எந்தக் கடை என்பதெல்லாம் வேண்டாம். ஏசி போட்ட ஷோரூம், உட்கார வைத்து காபி கொடுத்தார்கள். முழுத் தேக்கு என்றார்கள், பளபளவென்று ஒரே நிறமாக இருந்தது, நாங்களும் நம்பிவிட்டோம். எட்டாவது மாதம் ஒரு விடியற்காலையில் வாசல் தெளிக்கப் போன அம்மா, "யாரு இங்க கோலமாவைக் கொட்டி வச்சிருக்கிறது" என்று சத்தம் போட்டாள். கோலமாவு இல்லை. கதவின் கீழ்ச்சட்டத்தில் குண்டூசி நுழைகிற அளவில் ஏழெட்டு ஓட்டைகள், அவற்றிலிருந்து கொட்டிய மரத்தூள், அவ்வளவு நைசாக இருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தால் பவுடர் மாதிரி வழுக்கியது. கடைக்குப் போன் செய்தால், மரம் என்றால் பூச்சி வரத்தான் செய்யும், வெயிலில் கழற்றி வையுங்கள் என்று பதில். வாசல் கதவைக் கழற்றி வெயிலில் வைத்துவிட்டு ராத்திரி என்ன செய்வது என்று கேட்டதற்குப் பதிலே இல்லை.

எங்கள் ஊர் ஆசாரி வந்து பார்த்தார். உளியால் ஓரத்தில் லேசாக ஒரு சீவு சீவினார். மேலே காபிக்கொட்டை நிறம், அடியில் வெளுத்துப்போய் வைக்கோல் நிறம். "தேக்குதான்க்கா, பொய் சொல்லல. ஆனா வைரம் இல்ல. வெள்ளையைப் போட்டு அடிச்சு மேல கலர் ஏத்திட்டாங்க" என்றார்.

வைரம் பாய்ந்த கட்டை என்று என் தாத்தாவை ஊரே சொல்லும். தொண்ணூறு வயதில் சைக்கிள் மிதித்தவர். அந்தச் சொல்லை நானும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன், ஆனால் அதை ஒரு மரத்தில் விரல் வைத்துக் காட்டி யாரும் எனக்குச் சொன்னதில்லை. மரத்தின் நடுவில், முற்றிப்போய், நிறம் கறுத்து, கெட்டியாக இருக்கிற பகுதிதான் வைரம். அதைச் சுற்றிப் பட்டைக்குக் கீழே இருப்பது வெள்ளை. மரம் தண்ணீரை மேலே இழுப்பதும், மாவுச்சத்தைச் சேர்த்து வைப்பதும் இந்த வெள்ளைப் பகுதியில்தான், அதனால்தான் பூச்சிக்கு அது விருந்து. வயதாக ஆக உள்பக்கத்துத் திசுக்கள் செத்துப்போகும், குழாய்கள் அடைபடும், அதில் பிசினும் எண்ணெயும் துவர்ப்பும் வந்து நிறையும். தேக்கின் வைரத்தைக் கரையான் சீக்கிரம் தொடாமல் இருப்பதற்குக் காரணம் அந்தச் சரக்குதான்.

இதில் எனக்குப் பிடித்தது பாய்ந்த என்கிற வினை. நம் பக்கம் வயலுக்குத் தண்ணீர் பாயும், மரத்துக்கு வைரம் பாயும். யாரோ ஒரு விவசாயிதான் இந்தச் சொல்லை இப்படிச் சேர்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் வேடிக்கை பாருங்கள், வைரம் பாய்ந்த இடத்தில் தண்ணீர் பாயாது. தண்ணீர் நின்றுபோன பிறகு கெட்டிப்படுவதுதான் வைரம்.

சரி, கடைக்கு வருகிறேன். இல்லை, கடைக்கு முன்னால் அதே நாள் காலையில் போன இன்னொரு கடையைச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் அதுவும் வைரக் கடைதான்.

அம்மாவுக்கு அவள் அம்மா போட்ட ஏழு கல் தோடு. காதுக்கு ஏழு, மொத்தம் பதினாலு கல். புளூ ஜாகர் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அந்தப் பெயர் தென்னாப்பிரிக்காவில் யாகர்ஸ்ஃபோன்டைன் என்கிற சுரங்கத்தின் பெயர் தேய்ந்து வந்தது, அந்தச் சுரங்கத்துக் கல்லில் லேசாக நீலம் ஓடும். நம் பாட்டிமாருக்கு அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாது, ஆனால் அந்தக் கல் வேண்டும் என்று மட்டும் தெரிந்திருந்தது. வீட்டு வேலைக்குப் பணம் இடித்தது. தோட்டை விற்பதற்கு இல்லை, என்ன பெறும் என்று தெரிந்துகொள்ளலாம் என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு பெரிய நகைக்கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம்.

பேனா மாதிரி ஒரு கருவியைக் கல்லின் தலையில் வைத்தார்கள், பீப் என்றது. வைரம்தான் என்றார்கள். அந்தப் பேனா பார்ப்பது சூட்டை. வைரம் சூட்டை அவ்வளவு வேகமாகக் கடத்தும். அதனால்தான் அம்மா வாயால் ஊதிப் பார்ப்பாள், ஊதின ஆவி சட்டென்று மறைந்தால் வைரம், கண்ணாடி என்றால் கொஞ்ச நேரம் மங்கி நிற்கும். இரண்டும் ஒரே சோதனைதான், ஒன்றுக்கு பேட்டரி வேண்டும். மாய்ஸனைட் என்று ஒரு செயற்கைக் கல் இருக்கிறது, அது இந்தப் பேனாவையே ஏமாற்றிவிடும், சூட்டை மட்டும் பார்க்கிற கருவி அதையும் வைரம் என்றே சொல்லும். ஆக, பீப் சத்தத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

அப்புறம் கணக்கு. ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம், அதில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட். கல் ஒவ்வொன்றும் எட்டு சென்ட், ஒன்பது சென்ட் என்று அந்தப் பையன் சொல்லிக்கொண்டே போக, அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "நம்ம மனையே ஆறு சென்ட்டுதானேடி" என்றாள். கடையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை, எனக்கு அடக்க முடியவில்லை. மா, குழி, வேலி என்று நிலத்தை அளந்தவளிடம் காதில் இருப்பதைச் சென்ட்டில் சொன்னால் வேறென்ன தோன்றும்.

விலை சொல்கிற நேரம் வந்ததும் குறைகள் வந்தன. புள்ளி இருக்கிறது, பழைய வெட்டு, மூடிக் கட்டியிருக்கிறது, பின்பக்கம் தெரியாமல் விலை வைக்க முடியாது, ஓரம் சிதைந்திருக்கிறது. இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் புள்ளியை எனக்குக் காட்டுங்கள் என்று பூதக்கண்ணாடியைக் கேட்டேன், கொடுக்கவில்லை. அதே கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் விற்கிறதற்கு வைத்திருந்த எந்தக் கம்மலின் அட்டையிலும் புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாங்கும்போது கல்லுக்கு ஆயிரம் நோய், விற்கும்போது ஆரோக்கியம்.

தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த நகைகளின் பட்டியல் இருக்கிறது. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடை போட்டு, எத்தனை வைரம், எத்தனை மாணிக்கம், எத்தனை முத்து என்று எண்ணி வெட்டியிருக்கிறார்கள். வைரத்தைச் சொல்லும்போது அதிலேயே புள்ளி உள்ளது, விரிசல் உள்ளது, சிவப்புப் பொட்டு உள்ளது, கருப்புப் பொட்டு உள்ளது, கருகின மாதிரி அடையாளம் உள்ளது எல்லாம் சேர்த்து இத்தனை என்று எழுதியிருக்கிறார்கள். கொடுப்பது அரசன், வாங்குவது சாமி, ஊரே பார்க்கிற சுவர். 1010-ல் குடமுழுக்கு ஆன கோயில். அந்த நேர்மையில் கால்வாசியை நான் அந்த ஏசி அறையில் எதிர்பார்த்தது என் தப்புதான். அம்மா தோட்டை வாங்கித் திரும்பக் காதிலேயே மாட்டிக்கொண்டு, "வா, அந்த மரக்கடைக்குப் போகலாம்" என்றாள்.

மரக்கடைப் பெரியவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை, காபியும் இல்லை. என்ன வேணும் என்றார். ஊஞ்சல் பலகை என்றேன். "வைரமா வேணுமா, கலந்து வேணுமா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையிலிருந்து ஒருத்தரும் இப்படி நேராகக் கேட்கவில்லை. கலந்தது என்றால் ஓரத்தில் இரண்டு விரல்கடை வெள்ளை இருக்குமாம், விலை குறைவு, உள்ளறைக்கு அலமாரிக்குப் போதும் என்றார். ஊஞ்சலுக்கு வேண்டாம், சங்கிலி மாட்டுகிற ஓட்டை ஓரத்தில்தான் விழும், பாரம் முழுக்க அங்கேதான், அந்த இடத்தில் வெள்ளை இருக்கக் கூடாது என்று அவரே சொன்னார். விலை கூடினதை விற்பதற்காகச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தால் சரியாகத்தான் படுகிறது.

பலகைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டார். அந்த வயதில் அவர் கை. ஒவ்வொரு பலகையின் வெட்டுமுகத்திலும் ஒரு சின்ன இழைப்புளியால் ஒரே ஒரு இழுப்பு. சுருள் சுருளாகச் சீவல் வந்து விழும். அதை எடுத்து என் கையில் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். பழைய தோல் செருப்புக் கடையில் நல்லெண்ணெய் கொட்டின மாதிரி ஒரு வாசனை. இடுப்பில் இருந்த பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீரைத் தெளித்துத் தேய்த்தார். சீவின இடம் தேன் நிறத்துக்கு மாறி, கரும்பழுப்புக் கோடுகள் எழுந்தன. இன்னொரு பலகையில் அதே தண்ணீர் உடனே உறிஞ்சப்பட்டு இடம் வெளிறியே இருந்தது. "குடிக்குது பாரு, அது வெள்ளை" என்றார். நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொன்னார், வெள்ளையில் பள்ளம் விழுந்தது, வைரத்தில் என் நகம்தான் மடங்கியது. கடைசியாக விரல் முட்டியால் தட்டினார், ஒன்று கொட்டு மாதிரி பொத்தென்றது, மற்றது மணி இல்லை என்றாலும் ஏதோ ஓட்டுச் சில்லு மாதிரி நறுக்கென்று கேட்டது. பேனாவும் இல்லை, பீப்பும் இல்லை. எல்லாச் சோதனையும் என் கையாலேயே செய்யவைத்தார், அதற்குத்தான் நான் நாலு நட்சத்திரம் தருகிறேன்.

இந்தத் தேக்குக்கும் இப்போது கல்லணைக் கால்வாய்க் கரையில் நிற்கிற தேக்குக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். வனத்துறை வைத்த மரங்கள், ரோட்டில் போகும்போது பார்த்திருப்பீர்கள், நெடுநெடுவென்று இருக்கும். "அது தண்ணியைக் குடிச்சே வளந்த புள்ளம்மா, சீக்கிரம் வளத்தி வந்துரும், வைரம் ஏற நாளாகும், அதுக்குள்ள வெட்டிடறாங்க" என்பது அவர் கட்சி. எந்த மரத்துக்கும் வயது ஏறத்தான் வைரத்தின் பங்கு ஏறும், இளசில் வெட்டினால் பாதி வெள்ளை, அதில் சந்தேகம் இல்லை. என் கதவுக்கு நடந்தது அதுதான்.

அவரிடம் தேக்கு மட்டும் இல்லை. ஒரு மூலையில் கருஞ்சிவப்பாகக் கொஞ்சம் கட்டைகள், தூக்கிப் பார்த்தால் இரும்பு. ஆச்சா மரமாம். ஆடுதுறை பக்கம் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்கிறவர்கள் தேடுவது இதைத்தான், அதுவும் பழைய வீடுகளில் உத்தரமாகக் கிடந்து பல தலைமுறை காய்ந்த ஆச்சா என்றால் விடவே மாட்டார்கள். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதற்கப்புறம் விசாரிப்பு கூடியிருக்கிறது என்றார். பக்கத்தில் பலாக்கட்டைகள் கிடந்தன, அது வீணைக்கு. ஆக யார் வீட்டுக் கூரையோ இன்னொருத்தர் வாயில் சங்கீதமாகிறது. இதைக் கேட்டு அம்மா அந்த ஆச்சாக் கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது, பெரியவருக்குப் பிடித்திருந்தது. இழைப்புக் கூலியில் 200 ரூபாய் குறைந்ததற்கு அதுதான் காரணம் என்பது என் சந்தேகம். 1,400 என்றுதான் ஆரம்பித்தார்.

அங்கே பனஞ்சட்டமும் இருந்தது. அதைப் பார்த்ததும் நான் என் பள்ளிக்கூடப் படிப்பைக் காட்டினேன். உள்ளே வைரம் உள்ளது மரம், வெளியே வைரம் உள்ளது புல் என்று தொல்காப்பியம் பிரிக்கும், வைரம் என்பதற்கு அங்கே காழ் என்று சொல். பனையும் தென்னையும் மூங்கிலும் அந்தக் கணக்கில் புல். பெரியவர் தொல்காப்பியம் படித்ததில்லை, ஆனால் சிரித்துக்கொண்டே ஒரு பனஞ்சட்டத்தின் முனையைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் கருப்புக் கம்பிகளாக நெருக்கமாக வைரம், உள்ளே போகப் போக வெளிறிய நார், நடுவில் சோறு. "இதுக்கு வைரம் சட்டை மாதிரி, தேக்குக்கு வைரம் எலும்பு மாதிரி." இதைவிட நல்ல உரை நான் படித்ததில்லை.

கஜா புயல் அடித்த அன்று, 2018 நவம்பர் 16 விடியற்காலை, எங்கள் கொல்லையில் 14 தென்னை விழுந்தது. அறுத்தால் ஏதாவது தேறுமா என்று ஆசாரியைக் கேட்டோம். ஓரத்தை மட்டும் அறுத்து எடுத்துக் கொட்டகைக்குச் சட்டமாகப் போட்டார், நடுவை எடுத்து வரப்போரம் தள்ளினார், அடுத்த மழையில் அது பஞ்சாகிவிட்டது. ஓரத்துச் சட்டம் இன்றைக்கும் மாட்டுக் கொட்டகையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அப்போது ஏன் என்று புரியவில்லை. பனஞ்சட்டத்தைப் பார்த்தபோது புரிந்தது.

பலகையை வீட்டில் மாட்ட வந்த ஆசாரி இன்னொரு வைரத்தைக் கொண்டுவந்தார். பலகையின் ஒரு ஓரத்தில் பழைய ஆணி ஓட்டைகளை அடைக்க மரச்சீவலும் பசையும் குழைத்தார். பெவிகால்தான். "எங்கப்பா காலத்துல வச்சிரம் காய்ச்சுவாங்கக்கா, தெருவே நாறும்" என்றார். மாட்டுத்தோல், எலும்பு எல்லாம் கொதிக்கவைத்து எடுக்கிற கோந்து, அதற்கு வச்சிரம் என்று பெயர். இந்திரன் கையில் இருக்கிற ஆயுதமும் வச்சிரம், நகைக்கடைக் கல்லும் அதே வச்சிரம்தான், வடமொழி வஜ்ரம் தமிழில் ஒரு பக்கம் வச்சிரமாக நின்றது, இன்னொரு பக்கம் வயிரமாகி வைரமானது. பூம்புகாரில் இந்திர விழாவுக்கு முரசை எடுத்துப் போனதே வச்சிரக்கோட்டத்திலிருந்துதான் என்று சிலப்பதிகாரம் சொல்லும். கோயிலில் இருந்த வச்சிரம் ஆசாரியின் பசைச் சட்டிக்கு எப்படி வந்தது? பிடித்தால் விடாது, அவ்வளவுதான் காரணமாக இருக்க முடியும்.

இதே உருவத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு வைரமும் இருக்கிறது, பகை என்று அர்த்தம். வைரி என்றால் எதிரி. அது வடமொழியில் வேறு வேர், தமிழுக்கு வந்து கல்லோடு ஒரே உச்சரிப்பில் உட்கார்ந்துவிட்டது. பங்காளிச் சண்டையில் மனசில் வைரம் பாய்ஞ்சிருக்கு என்று சொல்கிறவர்களிடம் அது எந்த வைரம் என்று கேட்க முடியாது, இரண்டுமே பொருந்தும். வைராக்கியத்துக்கும் கல்லுக்கும் உறவு இல்லை, அது விராகம், பற்றில்லாமை. வைரவன் பைரவர். பெயரை வைத்துக்கொண்டு எல்லாரையும் சொந்தம் கொண்டாட முடியாது என்பது நம் ஊர்க் கல்யாணங்களில் தெரிந்த விஷயம்தானே.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கிற கருவி டைமண்ட், இப்போது முனையில் இருப்பது பெரும்பாலும் கெட்டி உலோகச் சக்கரம்தான், பெயர் மாறவில்லை. அம்மா கோயிலுக்கு வாங்குவது டைமண்ட் கல்கண்டு. புடவையில் மெல்லிசாகக் கோடு கோடாக ஓடினால் வைர ஊசி. அறுபதாவது வருஷம் வைர விழா, பவளத்துக்கு 75 வரை காத்திருக்க வேண்டும், விலைப் பட்டியலைப் பார்த்தால் நியாயமாகவே இல்லை.

கடைக்காரப் பெரியவர் துண்டுக் காகிதத்தில் பென்சிலால் ரசீது எழுதிக் கொடுத்தார். இரண்டு சொல், இரண்டு எண். "வைரம் 2 அடி – 11,000." கன அடி என்று எழுத அவருக்குச் சோம்பல். அதை என் கைப்பையில் தோடு வைத்திருந்த காலி டப்பாவோடு போட்டுவிட்டேன். ராத்திரி சில்லறை தேடிய வீட்டுக்காரர் டப்பாவைத் திறந்தார், காலி. பக்கத்தில் ரசீது. "அத்தை தோட்டைக் கொடுத்துட்டு வைரம் வாங்கினியா? ரெண்டடிக்கா?" என்று அவர் முகம் போன போக்கை நான் இரண்டு நிமிஷம் அனுபவித்துவிட்டுத்தான் விளக்கம் சொன்னேன். பலகை வந்து இறங்கியதும் தூக்கிப் பார்த்தார், முப்பத்தைந்து கிலோவுக்குக் குறையாது, டிரைவரும் அவரும் சேர்ந்துதான் உள்ளே கொண்டுவந்தார்கள். அதற்கப்புறம் கேள்வி இல்லை.

இப்போது குறைகள். செவ்வாய்க்கிழமை அனுப்புகிறேன் என்றார், சனிக்கிழமை வந்தது. அமாவாசை குறுக்கே வந்துவிட்டதாம், அமாவாசை வருவது காலண்டரில் முன்கூட்டியே போட்டிருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன், சிரிக்கிறார். ஜிபே கிடையாது, ரொக்கம் மட்டும். போன் எடுக்கவே மாட்டார். இழைத்து அனுப்பினது மேல்பக்கம் மட்டும், அடிப்பக்கத்தைச் சொன்னால்தான் இழைப்பாராம், யாரும் சொல்லவில்லை, அடியில் இன்னும் பழைய சுண்ணாம்புக் கறை இருக்கிறது. தூண், உத்தரம் எல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சரியாகப் பதில் சொல்வதில்லை, "அக்கரைப் பக்கம்" என்று கையைக் காட்டுகிறார், காவிரிக்கு எந்தக் கரை என்பது அவர் அன்றைக்கு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

புடவை விஷயம் இதுதான். பலகையை மாட்டின முதல் நாள் நான்தான் முதலில் உட்கார்ந்தேன், இரண்டு ஆட்டம் ஆடி எழுந்தேன், டர்ரென்று ஒரு சத்தம். ஓரத்தில் வைரத்துக்குள் பழைய ஆணி ஒன்று தலை போய் உள்ளேயே ஒடிந்து நின்றிருக்கிறது, இழைப்புளிக்கு அரை நூல் கீழே, மரம் கொஞ்சம் காய்ந்ததும் முனை எட்டிப் பார்த்திருக்கிறது. ஆசாரி வந்து குறட்டால் இழுத்தார், வரவில்லை, வைரம் அதை அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் சுற்றிலும் உளியால் தோண்டி எடுத்தார். அந்த இடத்தில் இப்போது ஒரு ரூபாய் அளவுக்கு அடைப்பு. பெரியவரிடம் போய்ச் சொன்னேன். "ஆணி எங்க காலத்து ஆணி, அது போகாது" என்றார், மன்னிப்பு மாதிரி எதுவும் கேட்கவில்லை, ஆனால் ஆணி எடுத்த கூலி 150 ரூபாயைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். புடவையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை, நானும் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்கவில்லை.

போகிறவர்கள் கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள், பழைய ஸ்பீக்கரில் இருக்கிற காந்தம் போதும். பலகை முழுக்க நிதானமாக ஓட்டிப் பாருங்கள், எங்கே ஒட்டுகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு அப்புறம் இழைக்கச் சொல்லுங்கள். அடிப்பக்கத்தையும் இழைக்கச் சொல்ல மறக்காதீர்கள்.